வெள்ளிக்கிழமை தலைவர் வராரு

மண்ணூர்பேட்டையில் எண்பத்தெட்டாம் வருஷம் 'தலைவர்' என்று சொன்னால் அது நடிகர் ஜெயரூபன் ஒருவரைத்தான் குறிக்கும். கட்சிக்காரர்களுக்கு இதில் மனவருத்தம் இருந்திருக்கலாம். கொடிக்கம்பத்துக்கு ஒருவராக அவர்களும் தலைவர்கள் வைத்திருந்தார்கள். ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்களிலிருந்து லேத் பட்டறைப் பையன்கள் வரைக்கும், பெயர் சொல்லாமல் வெறுமனே தலைவர் என்றால் அவர்தான். தலைவர் படம் வருது, தலைவர் மீசைய எடுத்துட்டாராம், தலைவருக்குக் கால் சுளுக்கிக்கிச்சாம். சுளுக்குச் செய்தி பேப்பரில் வந்த அன்றைக்கு இந்தத் தெருவிலிருந்து இரண்டு பேர் மாங்காட்டு அம்மன் கோவில் வரைக்கும் நடந்தே போய் வேண்டிக்கொண்டு வந்தார்கள். பெற்ற தாய்க்கு மூட்டுவலி என்றால் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. அது வேறு விஷயம்.

வேம்புலியின் மகள் நாகவல்லி நடக்கவெல்லாம் போகவில்லை. வயசுக்கு வந்த பெண்ணை யார் விடுவார்கள்? அவள் வேண்டுதல் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு, பதினொன்றாவது சேர்வோமா மாட்டோமா என்று தெரியாமல் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவளிடம் அந்தக் கோடையில் ஏகப்பட்ட நேரம் இருந்தது. அந்த நேரம் முழுக்கத் தலைவர் வந்துகொண்டே இருந்தார்.

ஜீப்பில் வருவார். தெருக்குழாய்ப் பக்கம் நிறுத்துவார். போன படத்தில் போட்ட அதே காக்கிச் சட்டை, மேல் பட்டன் இரண்டு திறந்திருக்கும். குடத்தோடு நிற்கிற பெண்கள் வாயைப் பிளந்து பார்க்க, "வேம்புலி வீடு எது?" என்று கேட்பார். உள்ளே வரும்போது நிலையில் தலை இடிக்காமல் குனிவார். அவள் அப்பாவின் தோளில் கை போடுவார். பிறகு தண்ணீர் கேட்பார். வீட்டில் இருந்த நாலு டம்ளரில் மூன்று ஒடுங்கினவை. ஒடுங்காத அந்த நாலாவது டம்ளரில்தான் அவருக்குத் தண்ணீர் கொடுப்பது என்று அவள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் கனவு காண்கிறவர்களுக்கு இந்த மாதிரி ஏற்பாடுகள்தான் முக்கியம்.

தலைவர் ஏன் வேம்புலி வீட்டுக்கு வரவேண்டும்? காரணம் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் வேம்புலி பதினாலு வருஷமாக மெஷின் ஓட்டினான். அவன் அப்பன் இதே மண்ணில் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவன். நிலமெல்லாம் எஸ்டேட் ஆனபோது மகன் காக்கி போட்டான். பொங்கல் கழிந்த மறுவாரம் ஷிப்ட்டுக்குப் போனவர்கள் கேட்டில் பூட்டைப் பார்த்தார்கள். ஆட்குறைப்பு கூடாது என்று சங்கம் சொன்னது, அப்படியானால் கம்பெனியே கிடையாது என்று முதலாளி சொன்னார். அன்றிலிருந்து வேம்புலி சுண்ணாம்பு அடிக்கப் போனான், லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினான். அவன் பெண்டாட்டி புஷ்பா எஸ்டேட் மெஸ்ஸில் அண்டா கழுவினாள்.

தலைவரின் போன படமும் இதே கதைதான். முதலாளி கேட்டைப் பூட்டுகிறான், தொழிலாளியான தலைவர் மழையில் ஒற்றை ஆளாக வந்து தோளால் முட்டி அந்தக் கேட்டைச் சாய்க்கிறார், முதலாளி காலில் விழுந்து சாவியைக் கொடுக்கிறான். நாகவல்லி அதை இரண்டு தடவை பார்த்தாள். கேட் விழும்போது கொட்டகையே எழுந்து நின்றது. அவள் அழுதாள். பக்கத்தில் புஷ்பாவும் அழுதாள். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்போது வீட்டு ஆம்பளை வேலை இல்லாமல்தான் இருந்தான்.

"கம்பெனி தொறந்தா பள்ளிக்கூடம் போ. தொறக்கலன்னா கன்னியம்மா கூட எக்ஸ்போர்ட்டுக்குப் போ. இதுல எங்கிட்ட வந்து மூக்க உறிஞ்சிக்கினு நிக்காத" என்று புஷ்பா மகளிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். கன்னியம்மா பக்கத்து வீட்டுக்காரி. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே புதுசாக வரும் பெண்களுக்குப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வருகிற சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே வெட்டவேண்டும். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் நாகவல்லிக்காக ஓர் இடம் வைத்திருந்தாள், ஜூன் மூன்றாவது வாரத் திங்கட்கிழமை வரைக்கும். ஆக, கேட் திறப்பதும் திறக்காததும் நாகவல்லிக்குத் தன் தலையெழுத்தாகவே ஆகிவிட்டது.

இந்த இடத்தில் கஜபதியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கஜபதி முனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். ஜெயரூபன் ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மன்றத்துக்கே. அந்தப் படம் ஓடியதும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பூட்டிய கம்பெனித் தொழிலாளர்களுக்காகத் தலைவரையே நேரில் வரச் சொல்லி ஒரு மனு எழுதி, மே மாதக் கடைசியில் தலைவர் வீட்டுக்கே கொண்டுபோனான். திரும்பி வந்தவன் கடை வாசலில் நின்று சொன்னதைத் தெருவே கேட்டது.

"கையிலயே குடுத்தேன் மாமே. நின்னுக்கினே படிச்சாரு. கண்ணு கலங்கிப் பூடுச்சு அவருக்கு. 'கஜபதி, நீ போ, நான் வர்றேன்'னாரு. எம்பேரச் சொன்னாரு மாமே!"

நடந்தது வேறு. கேட்டில் இருந்த வாட்ச்மேன் மனுவை வாங்கி ஸ்டூல் மேல் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே "ஐயா ஊர்ல இல்ல, போ" என்றான். இது கஜபதிக்கு மட்டும்தான் தெரியும். நாகவல்லிக்குத் தெரிந்ததெல்லாம் தலைவர் 'நான் வர்றேன்' என்று சொன்னது மட்டும்தான்.

பள்ளிக்கூடக் கெடுவுக்கு ஆறு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேம்புலி மூட்டை தூக்கிவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் டிரம் பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தான். புஷ்பா சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் நாகவல்லி ஜடையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம தலைவர் வராரு புஷ்பா" என்றான் வேம்புலி.

"எங்க?"

"கம்பெனிக்குத்தான். சின்ன மொதலாளியப் பாத்துப் பேசப் போறாரு. அவரு உள்ள பூந்துட்டார்னா முடிஞ்சுது, திங்கக்கெழம சங்கு ஊதிடும்."

"நெசமாவா சொல்ற?"

"கத்தாத. யாருக்கும் தெரியக் கூடாது. கூட்டம் கூடிச்சு, காரியம் கெட்டுடும். வாயத் தொறந்துராத, ஆமா."

வேம்புலி சொன்னது கோவிந்தராஜைப் பற்றி. ஜனவரியிலிருந்து சங்கத்துக்காகப் பேசிவந்த வக்கீல் பாதியில் கழன்றுகொண்டார். சங்கத்து ஆட்கள் பெரம்பூர்ப் பக்கம் போய், தொழிலாளர்களுக்காக ஜெயிலுக்கெல்லாம் போய் வந்த கோவிந்தராஜ் என்ற கிழவரைக் கூட்டிவந்தார்கள். வந்து இரண்டே வாரம்தான். வக்கீலை 'சார்' என்றவர்கள் இவரைத் 'தலைவர்' என்றார்கள். சின்ன முதலாளிக்கு கம்பெனியைத் திறக்க மனசு இருந்தது. பம்பாயில் இருந்த அவருடைய அண்ணனுக்கு மெஷின்களை ஓசூருக்குக் கொண்டுபோக ஆசை. கேட் பக்கம் கூட்டம் கூடக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வேறு இருந்தது. கொடி இல்லாமல், கோஷம் இல்லாமல் கிழவர் ஒருவர் மட்டும் உள்ளே வந்து பேசினால் திறப்பது பற்றிப் பார்க்கலாம், ஆட்கள் அடங்கி நடந்துகொண்டார்கள் என்று அண்ணனிடம் சொல்ல எனக்கும் வாய் இருக்கும் என்று சின்னவர் சொல்லியனுப்பியிருந்தார். சங்கத்தில் ஐந்து பேருக்கு மட்டுமே தெரிந்த சேதி இது. வேம்புலி ஐந்தில் ஒருத்தன்.

கிழவருக்குத் 'தலைவர்' என்ற அந்தச் சொல் அவன் வாய்க்குப் புதுசு. மகள் காதுக்கு அது பழசு. பாவம், அவள்மேல் மட்டும் என்ன தப்பு? சொன்னது அத்தனையும் ஜெயரூபனுக்கும் பொருந்தியது. வர்றேன் என்றவர் வருகிறார். கூட்டம் கூடிவிடும் என்று பயப்படுகிறார்கள். அவர் வந்தால் கூடாமல் இருக்குமா? உள்ளே போனால் முடிந்தது என்கிறார்கள். படத்திலும் அப்படித்தான் முடிந்தது. அம்மாவிடம் கேட்கலாம் என்றால் ஒட்டுக் கேட்டது தெரிந்துவிடும். நாகவல்லி அவிழ்த்த ஜடையைப் பின்ன மறந்து உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை மளிகை வாங்கக் கடைப்பக்கம் போனபோது சைக்கிள் கடையில் நாலைந்து பேர் கஜபதியை வாரிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா செயலாளரு, கண்ணு கலங்கனவரு இன்னும் தொடச்சி முடிக்கலியா?"

"வர்றேன்னு சொன்னாரே, தாம்பரம் வழியா வராரா, திருப்பதி வழியா வராரா?"

"கட்அவுட்டுக்கு ஊத்தன பால எம்மூட்டுக் கொழந்தைக்கு ஊத்தியிருந்தா அதாவது சிரிச்சிருக்கும்!"

கஜபதி தலையைத் தூக்காமல் ட்யூபை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்த இடத்தையே மறுபடி மறுபடி தேய்த்தான். நாகவல்லிக்குத் தன்னையே அடித்ததுபோல இருந்தது. தலைவரை இந்தப் பேச்சு பேசுகிறார்களே, நாளைக்கு இவர்கள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள்? அவர்கள் போகும்வரை நின்றாள். பிறகு பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கஜாண்ணா, நாளைக்கு வராரு."

"யாரு?"

"தலைவரு. கம்பெனிக்கு. சின்ன மொதலாளியப் பாக்கறதுக்கு. எங்க நைனா சொன்னாரு. யாருக்கும் சொல்லக் கூடாதாம், கூட்டம் கூடிடுமாம். உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன். சத்தியமா யாருக்கும் சொல்லாதண்ணா."

கஜபதி பழைய டயர் அடுக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மனு தலைவர் கைக்குப் போகவே இல்லை என்று உலகத்தில் ஒருத்தனுக்குத் தெரியும் என்றால் அது அவனுக்குத்தான். அவனே நம்பினான். அந்த வாட்ச்மேன் எழுந்ததும் எடுத்து உள்ளே கொடுத்திருக்கிறான், நல்ல மனுஷன், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நினைத்தான். அவன் கண் கலங்கிவிட்டது. தான் சொன்ன பொய் ஒன்று இப்படி நிஜமாக வந்து நின்றால் யார்தான் கதவைச் சாத்துவார்கள்?

"உங்க நைனாவா சொன்னாரு? சங்கத்துல கீறவரு சொன்னா பொய்யா இருக்குமா!" என்றான். சத்தியம் பண்ணினான். அந்தச் சத்தியம் சாயங்காலம் கடை மூடும்வரைகூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நாகவல்லி தலைக்குக் குளித்தாள். கோவிலுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். ஒடுங்காத டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். கம்பெனி முடிந்து தலைவர் அப்படியே வீட்டுக்கும் வந்தால்?

கம்பெனி ரோட்டுக்குத் திரும்பும்போதே தப்பட்டைச் சத்தம் கேட்டது. கேட் முன்னால் அவ்வளவு பேர். மண்ணூர்பேட்டை மன்றம், பாடி மன்றம், கொரட்டூர் மன்றம், ஆவடி சேக்காட்டிலிருந்து ஒரு வேன். ஆளுயர மாலை, பால் கேன், சரவெடி. மூங்கிலில் கட்டிய மன்றக் கொடிகள். நாலு பேர் தூக்கிப் பிடித்த கட்அவுட்டில் தலைவர் காக்கிச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே டீக்கடையில் வேம்புலியும் மற்ற நாலு பேரும் ஒன்றும் விளங்காமல் எழுந்து நின்றிருந்தார்கள். நாகவல்லி சாக்கடைமேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையில் ஏறி நின்றாள். கஜபதி ஊருக்கே சொல்லிவிட்டானே என்று ஒரு நிமிஷம் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம், இத்தனை பேரும் தலைவரைப் பார்க்க வந்தவர்கள்தானே, இதைப் பார்த்தால் முதலாளிக்கு இன்னும் பயம் வரும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அப்போது ஓர் அம்பாசிடர் வந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது.

"தலைவர் வந்துட்டாருடா!" என்றான் ஒருத்தன். அவ்வளவுதான். சரவெடி கிளம்பியது. காரின் பானட்டில் பாலை ஊற்றினார்கள். ஒருத்தன் மேலே ஏறி நின்று கொடியை ஆட்டினான். யாரோ பின் கதவை இழுத்துத் திறந்தார்கள். உள்ளே, மடியில் துணிப்பையை அணைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். போட வந்த மாலையோடு கஜபதி அப்படியே நின்றான்.

"டேய், யார்ரா இது பெருசு?"

"தலைவர் முன்னாடியே உள்ள பூந்துட்டாருடா! பூட்டி வெச்சிக்கீறானுங்கடா!"

யார் அதைச் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. கூட்டம் கேட்டின்மேல் சாய்ந்தது. படத்தில் அந்தக் கேட் ஒரே முட்டில் விழுந்தது. இது பிரேக் சாமான் கம்பெனிக் கேட், அசையவில்லை. ஏறிக் குதித்தார்கள். கல் பறந்தது. மாடி ஜன்னல் ஒன்று உடைந்தது. அந்த ஜன்னலில்தான் சின்ன முதலாளி நின்றிருந்தார். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு மன்றக் கொடி எது, சங்கக் கொடி எது? கூட்டம் வராது என்று வாக்குக் கொடுத்தவர்கள் கூட்டம் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் போனை எடுத்தார்.

வேம்புலி கூட்டத்துக்குள் ஓடினான். "யாருப்பா நீங்கள்லாம்? போங்கப்பா! உங்க கால்ல உழறேன், போங்கப்பா!" என்று ஒவ்வொருத்தன் சட்டையையும் பிடித்துப் பின்னால் இழுத்தான். காலில் விழுகிறேன் என்று வாயால் சொன்னவன் நிஜமாகவே இரண்டு பேர் காலைப் பிடித்தான். போலீஸ் வேன் வந்து நின்றதும் முதல் அடி அவன் தோளில்தான் விழுந்தது. காக்கிச் சட்டை போட்டு கேட் பக்கத்தில் நின்றவன் அவன்தானே.

"வேம்புலிண்ணே!" கஜபதி ஓடிக்கொண்டே கத்தினான். "தலைவரு வராருன்னு நீங்கதானே சொன்னீங்க! பாப்பா சொல்லிச்சே!"

வேம்புலி திரும்பினான். சிமெண்டுப் பலகைமேல், தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு மகள் நிற்பதைப் பார்த்தான். பிறகு காரில் இருந்த கிழவரைப் பார்த்தான். அவர் கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. மறுபடி மகளைப் பார்த்தான். எது எப்படி ஆனது என்று அந்த ஒரு பார்வையில் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை சங்கு ஊதவில்லை. பள்ளிக்கூட மணி மட்டும் அடித்தது. அந்த நேரத்தில் நாகவல்லி கன்னியம்மா பின்னால் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நடந்துகொண்டிருந்தாள். ஐந்து பேர்மேலும் போலீஸ் கேஸ் போட்டது. கோவிந்தராஜ் அதற்கப்புறமும் மூன்று முறை வந்தார், உள்ளே விட யாரும் இல்லை. ஆடி மாதம் மெஷின்கள் தார்ப்பாய் போட்டு மூடிய லாரிகளில் ஓசூருக்குப் போயின. வேம்புலி ஓட்டிய மெஷின் எந்த லாரியில் போனது என்று அவன் தெரிந்துகொள்ளவில்லை. கூட வேலை செய்தவர்கள் அவனைத் திட்டினார்கள் என்று சொல்ல முடியாது. டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டு விஷயம் பேச வேண்டியிருந்தாலும் "வேம்புலி காதுல போட வேணாம்பா" என்றார்கள்.

நாகவல்லி அடிக்குக் காத்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி விழும் என்று நினைத்தாள், மறுநாள் விழும் என்று நினைத்தாள். அவன் கையை ஓங்கவே இல்லை. பேசவும் இல்லை. பிறந்ததிலிருந்து பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டவன் அதற்கப்புறம் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "அதுக்குச் சோறு போடு", "அது கதவத் தாழ் போட்டுச்சா பாரு" என்று எல்லாம் புஷ்பா வழியாகத்தான். அடித்திருந்தால் ஆறியிருப்பாள். ஒரே அறையில் மூன்று பேர். கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஒரு வருஷம் அப்படியே போனது.

கனவு மட்டும் உடனே நிற்கவில்லை. நின்றுகொண்டே பிசிறு வெட்டுகிறவளுக்கு வேறு என்ன இருக்கிறது? சட்டைகள் வந்துகொண்டே இருக்கும், கை வெட்டிக்கொண்டே இருக்கும், தலைவரும் ஜீப்பில் வருவார். ஆனால் இப்போது அவள் தெருமுனைக்கே ஓடிப்போய் ஜீப்பை மறித்து, "வராதீங்க, திரும்பிப் போயிடுங்க" என்று கெஞ்சுவாள். அவர் சிரித்துக்கொண்டே வருவார். நாள் போகப்போக அதுவும் வருவது நின்றது. காலும் இடுப்பும் வலிக்கிற வலியில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த வருஷம் ஆனி மாதம், கஜபதி தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்று சொல்லிக்கொண்டு வந்தான். தலைவரின் புதுப்படத்துக்கு ஷூட்டிங். தொழிலாளி கதை. பூட்டிக் கிடக்கிற பிரேக் கம்பெனியைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கேட் முன்னால் நிற்கத் தொழிலாளி முகமாக ஆட்கள் வேண்டும். ஒரு நாள் கூலி, மத்தியானச் சோறு. சொந்தக் காக்கி இருந்தால் கொஞ்சம் கூடுதல்.

வேம்புலி வாசலுக்கு வந்து அவன் சொன்னதைக் கேட்டான். கஜபதி அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு நகர்ந்தான். மழை பெய்துகொண்டிருந்த வாரம் அது, சுண்ணாம்பு வேலை எங்கேயும் இல்லை. வேம்புலி டிரங்குப் பெட்டியைத் திறந்து காக்கிச் சட்டையை எடுத்தான். பையின்மேல் கம்பெனிப் பெயர் சிவப்பு நூலில் தைத்திருந்தது. எந்தக் கம்பெனிப் பெயரும் தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"அதுகிட்ட குடு" என்றான் புஷ்பாவிடம். "நூல் வெட்டத் தெரியும்ல."

நாகவல்லி நூல்வெட்டியை எடுத்துக்கொண்டு விளக்கின் கீழ் உட்கார்ந்தாள். துணி கிழியாமல் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்தாள். அந்தப் பெயர் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் புது நிறத்தில் இருந்தது. எழுத்துகள் போன பிறகும் படிக்க முடிந்தது. அதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவள் அந்தக் கேட்டைக் கடக்க வேண்டியிருந்தது. பழைய கேட்டைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, தகரமும் பலகையும் அடித்து அதே மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார்கள். கயிறு கட்டிய பக்கம் கூட்டம் நெரிந்தது. அதில் அதே மன்றக் கொடிகள், அதே தப்பட்டை, மாலையோடு கஜபதி. கேட்டுக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் காக்கியில் வரிசையாக நின்றார்கள். பாதிப் பேர் நிஜமாகவே அங்கே வேலை செய்தவர்கள். அவர்கள் முகத்தில் ஒரு பையன் கறுப்பு மை பூசிக்கொண்டு வந்தான். பதினாலு வருஷம் கிரீஸில் புழங்கிய வேம்புலியின் கன்னத்திலும் இழுத்துவிட்டான். வேம்புலி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"தலைவர் கார் திரும்பினதும் எல்லாரும் ஒண்ணா கத்தணும்" என்று கண்ணாடி போட்ட ஓர் உதவி டைரக்டர் ஒலிபெருக்கியில் சொன்னான். "'தலைவர் வந்துட்டாரு!' இதான் டயலாக். எங்க, சொல்லுங்க பாப்போம்."

சொன்னார்கள்.

"பத்தல. யோவ் பெருசு, மூணாவது ஆளு, உன்னத்தான். நீ வாயே தொறக்கல. வேலை போய் ஆறு மாசம், புள்ள பட்டினி, உன்னக் காப்பாத்த ஒருத்தன் வர்றான். அந்த ஃபீலிங் வேணும்யா. உனக்கு அதெல்லாம் புரியுதா? சொல்லு!"

நாகவல்லி நடையை நிறுத்திவிட்டாள். கன்னியம்மா கையைப் பிடித்து இழுத்தாள், "வாடி, கேட் சாத்திடுவான், அரை நாள் போயிடும்." வேம்புலி கழுத்து நரம்பு புடைக்க, சங்கத்துக் கூட்டத்தில் கோஷம் போடுகிற அந்தப் பழைய குரலில் கத்தினான்.

"தலைவர் வந்துட்டாரு!"

"சூப்பர்" என்றான் கண்ணாடிக்காரன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் விசில் பறந்தது. தூரத்தில் பெரிய குடைக்குக் கீழே யாரோ இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதுதான் அவரா என்று நாகவல்லி எட்டிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே கன்னியம்மா பின்னால் ஓடினாள்.

சாயங்காலம் அவள் வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வேம்புலியும் வந்தான். முகத்து மை வியர்வையில் கரைந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. புஷ்பா இன்னும் மெஸ்ஸிலிருந்து வரவில்லை. வழியாகப் பேசுவதற்கு ஆள் இல்லாமல் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நாகவல்லி கைக்கு வந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். வைத்த பிறகுதான் அது ஒடுங்காத டம்ளர் என்று பார்த்தாள்.

அவன் முழுக்கக் குடித்தான்.

"வந்தாரு பாப்பா, உன் தலைவரு" என்றான்.

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஊரிலிருந்து வந்த ஓர் ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஒரு வருஷம் கழித்துக் கேட்ட அந்தப் 'பாப்பா'வைத்தான் தாங்க முடியவில்லை.

"நாலு வாட்டி கேட்ட ஒடச்சாரு. மொத வாட்டி சரியா உழல, ரெண்டாவது வாட்டி வெளிச்சம் பத்தல, இன்னாவோ சொன்னாங்க." அவன் அடிபட்ட தோளைத் தடவிக்கொண்டான். "நாலு வாட்டியும் நாங்கதான் தூக்கி நிறுத்தி மாட்டினோம்."

அவன் காக்கிச் சட்டையைக் கழற்றி அவள் பக்கம் போட்டுவிட்டு முகம் கழுவப் பின்பக்கம் போனான். நாகவல்லி அதை சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டாள். நாளைக்கும் வரச் சொல்லியிருந்தார்கள்.